பழைய வீடு வாங்கும் முன் சோதனையும் பேரமும்: கோலாலம்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் வீடு வாங்கல் விற்றல் ஒப்பந்தங்களைப் பார்க்கும் ஒரு லாயர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். செந்தூல், செத்தாப்பாக், ஜாலான் ஈப்போ, பழைய கிள்ளான் சாலை பக்கம் 30, 40 வருடப் பழைய டெரஸ் வீடுகளையும் அடுக்குமாடி வீடுகளையும் வாங்க வரும் நம் ஆட்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் கையில் இருக்கும் ஒப்பந்தத்தை உங்கள் லாயர்தான் படித்துச் சொல்ல வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்து போவதற்கு இது உதவும்.

பழைய வீடுன்னா ரிப்பேர் இருக்கும்னு தெரிஞ்சதுதானே. காசு கொடுத்து ஆள் வெச்சுப் பார்க்கணுமா?

ரிப்பேர் இருக்கும் என்பது தெரியும். எவ்வளவு ஆகும் என்பது தெரியாது. கூரை முழுவதையும் மாற்றுவதற்கும் நாலு ஓடு மாற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் பல பத்தாயிரம் வெள்ளி. அந்த வித்தியாசம் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியாது.

புது வீட்டை மேம்பாட்டாளரிடம் வாங்கினால் சாவி கிடைத்த பிறகு 24 மாதம் வரை குறைகளை அவரே சரிசெய்து தர வேண்டும். சட்டத்தில் உள்ள ஒப்பந்தப் படிவமே அப்படித்தான். ஒருவர் குடியிருந்த வீட்டை அவரிடமிருந்து வாங்கும்போது அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியது மட்டும்தான் உங்களுக்கு உண்டு. அதனால்தான் முன்கூட்டியே பார்ப்பது அவசியம்.

பேங்க்ல இருந்து மதிப்பீட்டாளர் வந்து பார்க்கிறாரே, அது போதாதா?

போதாது. அவர் பேங்குக்காக வருகிறார். இந்த வீட்டை அடமானமாக வைத்து எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று சொல்வதுதான் அவர் வேலை. இடம், பரப்பளவு, பக்கத்து வீடுகள் என்ன விலைக்குப் போயின என்று பார்ப்பார். கூரைக்குள் ஏறிக் கரையான் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பில்லை.

ஆனால் அவர் சொல்லும் தொகை முக்கியம். வாங்கும் விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதை வைத்தே பேங்க் கடன் கொடுக்கும்.

யாரைக் கூப்பிடலாம் அக்கா? என் மச்சான் கான்ட்ராக்டர்தான்.

மச்சானைக் கூட்டிப் போங்கள், நல்லதுதான். ரிப்பேருக்கு என்ன செலவாகும் என்று அவரால் சொல்ல முடியும். ஆனால் விற்பவரிடம் பேரம் பேசும்போது மேசையில் வைக்க மூன்றாவது ஒருவரின் எழுத்துப்பூர்வ அறிக்கை வேண்டும். உங்கள் மச்சான் எழுதினால் விற்பவர் மதிக்க மாட்டார்.

வீட்டைச் சோதித்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். பெரும்பாலோர் புது வீட்டில் டைல்ஸ் தட்டிப் பார்த்துப் பழகியவர்கள். பழைய வீட்டுக்குக் கட்டட அளவையாளர் (பில்டிங் சர்வேயர்) அல்லது லெம்பாகா ஜுருத்திரா மலேசியாவில் (மலேசியப் பொறியாளர் வாரியம்) பதிவு பெற்ற சிவில் பொறியாளர் நல்லது. கூரைக்குள் ஏறுவாரா, மின் பலகையைத் திறப்பாரா, படத்தோடு அறிக்கை தருவாரா என்று முதலிலேயே கேளுங்கள். ஏற மாட்டேன் என்பவர் வேண்டாம்.

எப்போ இதைப் பத்திப் பேசணும்? எஸ் அண்ட் பி (விற்பனை ஒப்பந்தம்) கையெழுத்துப் போடும்போதா?

அதற்கு முன்னால். இன்ன விலைக்கு வாங்குகிறேன் என்று எழுதித் தரும் ஆஃபர் லெட்டரில் கையெழுத்து போடும் முன்னால். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

வழக்கம் இப்படித்தான் போகும். வீடு பிடித்ததும் ஏஜென்ட் ஆஃபர் லெட்டரை நீட்டுவார். நீங்கள் விலையில் 2 அல்லது 3 விழுக்காட்டைப் புக்கிங் பணமாகக் கட்டுவீர்கள். பெரும்பாலும் 14 நாளில் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டு, மொத்த முன்பணத்தை 10 விழுக்காடாக்குவீர்கள். விற்பவரும் ஆஃபர் லெட்டரில் கையெழுத்து போட்ட பிறகு, கூரை சரியில்லை என்று நீங்கள் பின்வாங்கினால் புக்கிங் பணம் போய்விடும். 5 லட்சம் வெள்ளி வீட்டுக்கு 3 விழுக்காடு என்றால் 15,000 வெள்ளி. அந்தப் பணத்தை இழக்க மனமில்லாமல் பலர் கோளாறு தெரிந்தே ஒப்பந்தத்தில் கையெழுத்து போடுகிறார்கள். விற்பவருக்கும் அது தெரியும், அதனால் அவர் இறங்கி வர வேண்டிய அவசியமே இல்லை.

உங்கள் பேச்சுக்கு மரியாதை இருப்பது புக்கிங் பணம் கைமாறும் வரைதான். இரண்டாவது முறை வீட்டைப் பார்க்கப் போகும்போதே பொறியாளரைக் கூட்டிப் போக விற்பவர் அனுமதித்தால் அதுதான் ஆகச் சிறந்தது. அனுமதிக்கவில்லை, அல்லது வேறொருவர் வாங்கிவிடுவார் என்ற அவசரம் இருக்கிறது என்றால், சோதனை நிபந்தனையை ஆஃபர் லெட்டரிலேயே எழுத வைக்க வேண்டும்.

அந்த நிபந்தனையில என்ன எழுதணும்?

அச்சடித்த படிவமாக இருந்தாலும் கீழே எழுதிச் சேர்க்கலாம். இரு தரப்பும் அதன் பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். மொழியை லாயர் பார்த்துக்கொள்வார். நீங்கள் அவரிடம் சொல்ல வேண்டிய சாரம் இது:

வாங்குபவர் 10 வேலை நாளுக்குள் தமது செலவில் வீட்டைச் சோதிக்கலாம். கூரை உட்புறம், மின் பலகை, தண்ணீர்த் தொட்டி, பூட்டிய அறைகள் எல்லாவற்றையும் விற்பவர் திறந்துவிட வேண்டும். கூரை, கட்டமைப்பு, மின் இணைப்பு, குழாய், கரையான் ஆகியவற்றைச் சரிசெய்யும் செலவு அறிக்கையின்படி இன்ன தொகையைத் தாண்டினால் இரு தரப்பும் பேச வேண்டும். அதற்குப் பிறகு 5 நாளில் உடன்பாடு வராவிட்டால் வாங்குபவர் விலகலாம், புக்கிங் பணம் 7 நாளில் முழுவதுமாகத் திரும்ப வேண்டும்.

தொகையைக் கட்டாயம் போடுங்கள். "சோதனையில் திருப்தி இல்லையென்றால் விலகலாம்" என்று மட்டும் எழுதினால், எந்த நேரத்திலும் காரணமில்லாமல் ஓடிவிடுவார் என்று விற்பவர் பயந்து மறுத்துவிடுவார். 15,000 வெள்ளிக்கு மேல் போனால்தான் பேச்சு என்று எழுதினால், சின்னக் குறைகளைச் சொல்லித் தொல்லை தர மாட்டார் என்று அவருக்கும் நம்பிக்கை வரும். ஒப்பந்தத்துக்கான 14 நாள் சோதனை முடிந்த பிறகே தொடங்கும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். லோன் கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனை இதிலிருந்து வேறு. அதுவும் தனியாக இருக்க வேண்டும்.

ஏஜென்ட் சொல்றாரு, "மலேசியாவுல பழைய வீட்டுக்கு யாரும் இப்படிக் கேட்க மாட்டாங்க, ஓனர் கோவிச்சுக்குவாரு"ன்னு. உண்மையா?

பலர் கேட்பதில்லை என்பது உண்மை. கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. மேம்பாட்டாளர் வீட்டுக்குத்தான் மாற்ற முடியாத ஒப்பந்தப் படிவம் இருக்கிறது. பழைய வீட்டுக்கு இரு தரப்பும் ஒத்துக்கொண்டதே ஒப்பந்தம்.

ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுப்பவர் பெரும்பாலும் விற்பவர்தான் என்பதை மறக்காதீர்கள். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, விற்பனை சீக்கிரம் முடிவது அவருக்கு நல்லது. "ஓனரிடம் கேட்டுப் பாருங்கள், அவர் மறுத்தால் நான் யோசிக்கிறேன்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். ஆறு மாதமாக விற்காமல் கிடக்கும் வீட்டின் சொந்தக்காரர் கோபித்துக்கொள்வது அரிது. ஒரே வாரத்தில் மூன்று பேர் கேட்ட வீடு என்றால் நிபந்தனை எடுபடாமல் போகலாம். அப்போது முன் பதிலில் சொன்னபடி புக்கிங் கட்டுவதற்கு முன்பே சோதனையை முடிப்பதுதான் வழி. புக்கிங் பணத்தை ஏஜென்டின் சொந்தக் கணக்கில் போடாதீர்கள். நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கில் அல்லது லாயர் கணக்கில்தான் போட வேண்டும்.

நாங்களே முதல்ல ஒரு தடவை பார்க்கப் போறோம். எதைப் பார்க்கணும்?

மழை பெய்து முடிந்த மாலையில் போங்கள். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் கோலாலம்பூரில் பிற்பகல் இடிமழை அதிகம். கூரை ஒழுக்கும் வடிகால் அடைப்பும் அப்போது தானாகத் தெரியும். தெருவில் வெள்ளம் ஏறுமா என்று இரண்டு வீடு தள்ளி இருப்பவரிடம் கேளுங்கள், விற்பவரிடம் கேட்காதீர்கள்.

தெருவின் மறுபக்கம் நின்று கூரையின் உச்சிக் கோட்டைப் பாருங்கள். நடுவில் தொய்ந்திருந்தால் உள்ளே மரச் சட்டம் பழுதாகியிருக்கலாம். உள்ளே போனதும் கதவு நிலைகளை விரல் கணுவால் தட்டுங்கள். உள்ளே காலியான சத்தம் வந்தால் கரையான் அரித்திருக்கலாம். சுவர் ஓரம் மெல்லிய மண் கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். வீடு முழுக்கப் பழைய பெயிண்ட், ஒரு சுவர் மட்டும் புதுசு என்றால் அந்தச் சுவரில் எதையோ மறைத்திருக்க வாய்ப்புண்டு. சாம்பல் நிற அலைத் தகடுக் கூரையாக இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதை உடைக்கவோ துளைக்கவோ கூடாது, அகற்றும் செலவும் தனி.

விரிசலைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். பூச்சில் தலைமுடி அளவுக்கு இருக்கும் கோடுகள் பழைய வீட்டில் சாதாரணம். ஜன்னல், கதவு மூலையிலிருந்து சரிவாக ஓடும் விரிசல், 5 மில்லிமீட்டரைத் தாண்டிய விரிசல், படி படியாகச் செங்கல் இணைப்பு வழியே இறங்கும் விரிசல் இவற்றைப் பொறியாளர் பார்க்க வேண்டும். பின்னால் இழுத்துக் கட்டிய சமையலறை மூல வீட்டோடு சேரும் இடத்தில் விரிசல் இருந்தால், புதுப் பகுதியின் அடித்தளம் தனியாக இறங்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அப்படியென்றால் வெறும் சிமெண்ட் பூசினால் அது திரும்ப வரும்.

எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுங்கள். முதலில் துரு நிறத்தில் வந்தாலோ, அழுத்தம் குறைந்தாலோ, பழைய இரும்புக் குழாய் உள்ளே அரித்துப் போயிருக்கலாம். மின் பலகையில் இன்னும் பழைய பியூஸ் கம்பி இருந்தால் வீடு முழுக்க ஒயரிங் மாற்ற வேண்டி வரலாம். சுடுநீர் சாதனத்துக்கு 10 மில்லிஆம்பியர் கசிவுத் தடுப்பான் இருக்க வேண்டும் என்பது சட்டம். பழைய வீடுகள் பலவற்றில் அது இருக்காது. கழிவுநீர் பொதுக் குழாயில் போகிறதா, வீட்டுக்கே சொந்தத் தொட்டியா என்றும் கேளுங்கள். அந்தத் தொட்டியின் மேலேயே சமையலறையை நீட்டிக் கட்டிய வீடுகளும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் தொட்டியைத் துப்புரவு செய்யத் தரையை உடைக்க வேண்டியிருக்கும்.

அறிக்கையில முப்பது குறை இருக்கு. எல்லாத்துக்கும் காசு கேட்கலாமா?

கேட்காதீர்கள். பழைய டைல்ஸ், மங்கிய பெயிண்ட், காலாவதியான சமையலறை அலமாரி எல்லாம் முதல் தடவை பார்த்தபோதே கண்ணில் பட்டவை. விலை பேசும்போது அவற்றையும் சேர்த்துத்தான் பேசினீர்கள். இப்போது அவற்றைப் பட்டியலில் சேர்த்தால், பெரிய குறைகளையும் விற்பவர் பொருட்படுத்த மாட்டார்.

கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது, செலவு பெரியது, ஆபத்தானது என்ற மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தும் குறைகளை மட்டும் எடுங்கள். பொதுவாகக் கூரை, ஒயரிங், குழாய், கட்டமைப்பு, கரையான் இவைதான் மிஞ்சும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கான்ட்ராக்டரிடம் எழுத்தில் விலை வாங்குங்கள். மச்சான் உதவ வேண்டிய இடம் இது. "கூரை மோசம், 30,000 குறையுங்கள்" என்பதைவிட, இரண்டு விலைப்பட்டியலை வைத்துப் பாதிப் பாதி பகிர்ந்துகொள்ளலாமா என்று கேட்பது வேலைக்காகும்.

விலையைக் குறைக்கச் சொல்றதா, அவங்களையே ரிப்பேர் பண்ணித் தரச் சொல்றதா?

விலை குறைப்பு என்றதும் எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். 5 லட்சம் வெள்ளி வீடு, 90 விழுக்காடு லோன் என்றால் உங்கள் கைக்காசு 50,000. விலை 20,000 குறைந்து 4 லட்சத்து 80 ஆயிரம் ஆனால் லோன் 4 லட்சத்து 32 ஆயிரம், கைக்காசு 48,000. உடனே கையில் மிஞ்சியது 2,000 வெள்ளிதான். மீதி 18,000 லோனில் குறைகிறது, 30 வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் கூரை மாற்றுகிறவருக்கு இந்த மாதமே ரொக்கம் வேண்டும். கையிருப்பு உள்ளவருக்கு விலை குறைப்பு நல்லது. முன்பணத்துக்கே கஷ்டப்படுகிறவர் சாவி வாங்கியதும் திண்டாடுவார்.

விற்பவரே சரிசெய்தால் உங்கள் கைக்காசு போகாது. ஆனால் வீட்டை விட்டுப் போகிறவர் மலிவான ஆளை வைத்து மேலோட்டமாக முடித்துவிடுவார் என்ற பயம் நியாயமானது. அதனால் என்ன பொருள், எந்த அளவு, யார் வந்து பார்த்து ஒப்புக்கொள்வார், எந்தத் தேதிக்குள் என்று எழுத வேண்டும். ஒயரிங் என்றால் சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையம்) பதிவு பெற்றவர் செய்ய வேண்டும் என்றும் எழுதுங்கள்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. விலையில் ஒரு பகுதியை லாயர் நடுவராகப் பிடித்து வைத்து, ரிப்பேர் முடிந்த பிறகு விற்பவருக்குக் கொடுப்பது. சொத்து ஆதாய வரிக்காக உள்நாட்டு விற்பவரின் பணத்தில் வழக்கமாக 3 விழுக்காட்டை வாங்குபவர் தரப்பு பிடித்து வைப்பது நடைமுறையில் இருப்பதால், பிடித்தம் என்றால் யாரும் அதிர்ச்சியடைவதில்லை. ஆனால் விற்பவர் தம் பழைய லோனைக் கட்டி முடிக்கவே முழு விலையும் தேவைப்படும் நிலையில் இருந்தால், பிடித்து வைக்க அங்கே பணமே இருக்காது. அவருக்கு எவ்வளவு கடன் பாக்கி என்று லாயர் மூலம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்போ ஒப்பந்தத்துல பழைய விலையவே போட்டுட்டு, அந்த 20,000-ஐ ஓனர் எனக்கு ரொக்கமா திருப்பிக் கொடுத்தா நல்லாருக்குமே?

செய்யாதீர்கள். யாராவது "எல்லாரும் செய்றதுதான்" என்று சொன்னாலும் வேண்டாம். உண்மை விலையை மறைத்து பேங்கிடம் அதிகக் கடன் வாங்குவது ஏமாற்று. மாட்டினால் லோன் ரத்தாகலாம், வழக்கும் வரலாம். குறைத்தது எவ்வளவோ அதை ஒப்பந்தத்தில் நேராகக் காட்டுங்கள்.

இன்னொன்று. விலை குறைந்தாலும் முத்திரை வரியை உள்நாட்டு வருமான வரி வாரியம் சந்தை மதிப்பை வைத்தே கணக்கிடலாம். சோதனை அறிக்கையையும் படங்களையும் பத்திரமாக வைத்திருங்கள். இந்த வீடு ஏன் குறைவாகப் போனது என்று ஆட்சேபம் தெரிவிக்க அவை உதவும்.

பின்னாடி சமையலறையை நீட்டிக் கட்டியிருக்காங்க. அனுமதி இருக்கான்னு எப்படித் தெரியும்?

விற்பவரிடம் ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கேளுங்கள். இல்லையென்றால் கோலாலம்பூர் மாநகர் மன்றத்தில் விசாரிக்கலாம். அனுமதியில்லாத நீட்டிப்புக்கு மதிப்பீட்டாளர் மதிப்பு போடாமல் விடலாம். அப்போது லோன் குறையும், வித்தியாசத்தை நீங்கள் ரொக்கமாகக் கட்ட வேண்டும். பின்னாளில் மன்றத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் அது அன்றைய உரிமையாளர் பெயருக்கு, அதாவது உங்களுக்கு வரும். இந்த ஒரு குறை மட்டும் ரிப்பேர் பட்டியலில் சேராது. அதனால் நிபந்தனையில் தனி வரியாகப் போடுங்கள்: அனுமதி பெற்றுத் தருவது விற்பவர் பொறுப்பு, முடியாவிட்டால் அந்தப் பகுதியைக் கணக்கில் எடுக்காமல் விலை பேசப்படும்.

நாங்க பார்க்கிறது பழைய அபார்ட்மெண்ட். குளியலறைக் கூரையில ஈரம் இருக்கு.

பெரும்பாலும் மேல் வீட்டிலிருந்துதான் கசியும். 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டமும் 2015 விதிமுறைகளும் இதற்கு வழி சொல்கின்றன. புகார் கிடைத்த 7 நாளில் நிர்வாகம் வந்து சோதிக்க வேண்டும். சோதனை முடிந்த 5 நாளில் யார் பொறுப்பு என்று சான்றிதழ் தர வேண்டும். மாறாக நிரூபிக்கப்படாவிட்டால் குறை மேல் வீட்டுடையது என்றே எடுத்துக்கொள்ளப்படும்.

புகாரை இப்போதைய உரிமையாளர் கொடுத்து, சான்றிதழை வாங்கி, ஒப்பந்தத்துக்கு முன் காட்டும்படி கேளுங்கள். கூடவே பராமரிப்புக் கட்டணப் பாக்கி, சேமிப்பு நிதியின் நிலை, கடைசி ஆண்டுக் கூட்டக் குறிப்பு ஆகியவற்றையும் வாங்குங்கள். லிப்ட் மாற்றப் பணமில்லாத கட்டடத்தில் வீட்டுக்குள் மட்டும் சரியாக இருந்து என்ன பயன்?

விக்கிறது எங்க மாமாதான். அவர்கிட்ட போய் இஞ்சினியர், நிபந்தனைன்னு எப்படிக் கேட்கிறது?

மிகவும் சங்கடமான கேள்வி, அடிக்கடி வருவதும் இதுதான். சொந்தத்துக்குள் எழுதாமல் வாங்கிவிட்டு, முதல் மழையில் கூரை ஒழுகி, அதற்கப்புறம் கல்யாணம் காட்சியில்கூடப் பேசிக்கொள்ளாத குடும்பங்கள் இருக்கின்றன. எழுதுவது மாமாவை நம்பாததால் இல்லை, உறவைக் காப்பாற்றத்தான். குடும்பத்தில் இருவரும் மதிக்கும் பெரியவர் ஒருவரை முன்வைத்து, "எங்கள் லாயர் எல்லோருக்கும் இப்படித்தான் செய்கிறார்" என்று சொல்லச் சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை, உங்கள் லாயர் அப்படித்தான் செய்ய வேண்டும்.

ஆடி பிறக்கிறதுக்குள்ள பால் காய்ச்சணும். சீக்கிரம் முடிக்க முடியுமா?

ஒப்பந்தத்திலிருந்து பொதுவாக 3 மாதம், தேவைப்பட்டால் வட்டியோடு இன்னொரு மாதம். குத்தகை நிலம் என்றால் பெயர் மாற்றத்துக்குப் பெரும்பாலும் அரசு அனுமதி வாங்க வேண்டும், இன்னும் நீளும். தேதி நெருக்குகிறது என்று விற்பவருக்குத் தெரிந்தால் பேரத்தில் அவர் கை ஓங்கிவிடும். அந்த நாளை ஏஜென்டிடம் சொல்லாதீர்கள். முடியாவிட்டால் ஆவணியில் வைத்துக்கொள்ளலாம்.

வாஸ்துக்காக ஒரு சுவரை இடிக்கணும். அதையும் இப்பவே பார்க்கணுமா?

இப்போதே. அந்தச் சுவர் பாரம் தாங்குகிறதா, பக்கத்து வீட்டோடு பொதுவா என்று பொறியாளர் அதே வருகையில் சொல்லிவிடுவார். இடிக்க முடியாத சுவர் என்றால் வீடே வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுக்கலாம். மேலே சொன்னபடி நிபந்தனை இருந்தும் இந்தக் காரணம் அதில் இல்லையென்றால் பணம் திரும்பாது. இது முக்கியம் என்றால் அதையும் எழுதுங்கள்.

ஒப்பந்தத்துல "இருக்கிறபடியே" வாங்குறதா போட்டிருக்கு. நிபந்தனை இருந்தும் இது எதுக்கு?

பழைய வீட்டு ஒப்பந்தங்களில் அந்த வரி பெரும்பாலும் இருக்கும். குறையோடு ஏற்றுக்கொண்டீர்கள் என்று அர்த்தம். அதை நீக்க விற்பவர் சம்மதிப்பது அபூர்வம். நீக்குவதைவிட, எந்த நாளில் இருக்கிறபடி என்று எழுத வைப்பது எளிது: சோதனை நடந்த நாளில் இருந்த நிலையில், சாதாரணத் தேய்மானம் தவிர, சாவி கொடுக்கும் நாளிலும் இருக்க வேண்டும். அன்று எடுத்த படங்களையும், ஏர்கான், சுடுநீர் சாதனம், தண்ணீர்ப் பம்பு என்று விட்டுப்போகும் பொருள்களின் பட்டியலையும் ஒப்பந்தத்தோடு இணையுங்கள். ஆஃபர் லெட்டரில் பேசியவை தானாக ஒப்பந்தத்துக்குள் வராது. ரிப்பேர், பிடித்தம் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும்.

சாவி வாங்கினப்புறம்தான் கரையான் தெரிஞ்சது. ஓனர் மேல கேஸ் போடலாமா?

அவர் என்ன சொன்னார் என்பதைப் பொறுத்தது. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி சும்மா இருந்ததே பொதுவாக மோசடியாகாது. தவறான தகவல் கொடுத்து வாங்க வைத்தார் என்றால் வழியுண்டு. ஆனால் அதே சட்டத்தின் 19-வது பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது: சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்றால், தவறான தகவலைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாமல் போகலாம். சோதிக்க வாய்ப்பிருந்தும் சோதிக்காதவரை இந்த வரி நேராகத் தாக்கும்.

அதனால் வாங்கும் முன்பே வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள்: கூரை எப்போது ஒழுகியது, கரையானுக்கு மருந்தடித்தீர்களா, வெள்ளம் வந்ததா. பதிலைச் சேமித்து வையுங்கள். வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: அது மேம்பாட்டாளர் மேல் போடும் வழக்குகளுக்கு. தனிநபரிடம் வாங்கியதற்கு நீதிமன்றம்தான்.

ஏலத்துல எடுத்தா விலை கம்மி. அதுலயும் இப்படிப் பேரம் பேசலாமா?

முடியாது. ஏல நிபந்தனைகளை மாற்ற யாருமில்லை. உள்ளே போய்ப் பார்க்கவும் பெரும்பாலும் விட மாட்டார்கள், சில வீடுகளில் இன்னும் ஆள் குடியிருப்பார்கள். முன்பணமாகப் பெரும்பாலும் 10 விழுக்காடு கட்டி, மீதியை 90 அல்லது 120 நாளில் முடிக்காவிட்டால் அது போய்விடும். வெளியிலிருந்து கூரையைப் பார்த்து, பக்கத்து வீட்டில் கேட்டு, ஒயரிங், குழாய், கூரை மூன்றையும் முழுவதுமாக மாற்ற வேண்டும் என்றே கணக்குப் போட்டு, அந்தத் தொகையைக் கழித்த பிறகு மிச்சமிருக்கும் விலைக்கு மேல் கை தூக்காதீர்கள்.